குடியிருப்பவர் மனம் கோணாமல் வீட்டை வாடகைக்கு விடுவது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்பவர் சொல்லும் காரணமும் உண்மையான காரணமும் பல சமயம் வேறுவேறாக இருக்கும். "வேலைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்தது", "கொஞ்சம் பெரிய வீடாகப் பார்த்தோம்" என்று சுமுகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். சாவியை வாங்கிக்கொள்ளும் உரிமையாளரும் அதை அப்படியே நம்பிவிடுவார். ஆனால் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று மூன்றாவது முறை போன் செய்தும் யாரும் வராத அன்றே அந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கும். வேறு வீடு தேட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான்.

நான் பல ஆண்டுகள் வாடகை வீடுகளில் இருந்தவன். பிறகு ஒரு வீட்டை வாடகைக்கு விடுபவனாகவும் ஆனேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகப் பட்டது ஒன்று: குடியிருப்பவருக்கு நிம்மதி கொடுப்பது, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதுதான். பழுது எப்போது சரியாகும், வாடகை எப்போது எவ்வளவு ஏறும், உரிமையாளர் எந்த நேரத்தில் வந்து நிற்பார், கொடுத்த முன்பணம் திரும்பி வருமா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரிந்த வீட்டில், அறைகள் சிறியதாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் இருக்கிறார்கள். பதில் தெரியாத வீட்டில் பளபளவென்று தரை போட்டிருந்தாலும் ஒப்பந்தம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் நினைப்பவர்களுக்காக முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஒரு வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் அந்த ஆண்டின் வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 8.3 சதவீதம் போய்விடுகிறது. இப்போது இருப்பவரைவிட 5 சதவீதம் கூடுதலாகத் தரப் புதியவர் ஒருவர் தயாராக இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆள் மாறும் இடைவெளியில் வீடு ஒரு மாதம் காலியாக இருந்தால், அந்த ஒரு மாத வாடகையை ஈடுகட்டவே புதியவர் 20 மாதங்கள் குடியிருக்க வேண்டும். இரண்டு மாதம் காலி என்றால் 40 மாதங்கள். பெயின்ட் அடித்த செலவு, தரகர் கட்டணம், வீட்டைக் காட்டுவதற்காக அலைந்த நாட்கள் எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. அதோடு புதியவர் எப்படிப்பட்டவர் என்பதும் தெரியாது. மாதம் தவறாமல் வாடகை கொடுத்து, வீட்டைத் தன் வீடு போல வைத்திருப்பவரைச் சின்னச் சின்ன விஷயத்துக்காக இழப்பது பெரிய நஷ்டம்.

பழுது சொன்ன பிறகு வரும் மௌனம்

பழுது வந்ததற்காக யாரும் உரிமையாளர் மேல் கோபப்படுவதில்லை. குழாய் என்றால் ஒருநாள் ஒழுகும், மோட்டார் என்றால் ஒருநாள் நின்றுபோகும். இது எல்லோருக்கும் தெரியும். சொன்ன பிறகு எந்தப் பதிலும் வராமல் நாட்கள் போகும்போதுதான் கசப்பு சேர்கிறது.

காத்திருப்பதைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்ற மேலாண்மை ஆய்வாளர் 1985-இல் எழுதியது இன்றும் சேவைத் துறைகளில் எடுத்துச் சொல்லப்படுகிறது. காரணம் தெரியாமல் காத்திருப்பது, காரணம் தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும். எப்போது முடியும் என்று தெரியாமல் காத்திருப்பது, முடியும் நேரம் தெரிந்து காத்திருப்பதைவிட நீளமாகத் தோன்றும். ஒழுகும் குழாயின் முன்னால் நிற்பவருக்கு இது அப்படியே பொருந்தும். "பார்க்கலாம்" என்று உரிமையாளர் சொல்லிவிட்டு மூன்றாம் நாளே பிளம்பரை அனுப்பினாலும், அந்த மூன்று நாளும் குடியிருப்பவர் மனசுக்குள் அது நீண்டுகொண்டே போயிருக்கும். "வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் ஆள் வருவார், வர முடியாவிட்டால் புதன் மாலையே சொல்லிவிடுகிறேன்" என்றால் அவர் அதை மறந்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். காத்திருந்த நாட்கள் அதே மூன்றுதான்.

ஆகவே செய்தி வந்த அன்றே "பார்த்தேன்" என்று ஒரு வரி, எப்போது சரியாகும் என்று இன்னொரு வரி, வேலை முடிந்த மறுநாள் "இப்போது ஒழுகவில்லையே?" என்று ஒரு கேள்வி. கடைசியாகச் சொன்னதைத்தான் பெரும்பாலான உரிமையாளர்கள் விட்டுவிடுகிறார்கள். வேலை செய்பவர் "முடிந்தது" என்று சொல்வதும், உண்மையிலேயே முடிந்திருப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. அதைச் சொல்லக்கூடியவர் அங்கே குடியிருப்பவர் மட்டுமே.

எல்லாப் பழுதையும் ஒரே வேகத்தில் கவனிக்க முடியாது, அப்படி யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். தண்ணீர் அடியோடு வரவில்லை, மின்பலகையில் கருகல் வாடை வருகிறது, கழிவுநீர் எதிர்த்து வருகிறது, வாசல் பூட்டு மூடவில்லை, எரிவாயு கசிகிறது என்பவை எல்லாம் அன்றைக்கே பார்க்க வேண்டியவை. சொட்டும் குழாய் ஒரு வாரம் பொறுக்கும். அலமாரிக் கைப்பிடி, அடுத்த முறை தச்சர் வரும்போது சேர்த்துச் செய்யலாம். இந்தப் பாகுபாட்டைக் குடிவரும் அன்றே பேசி வைத்துக்கொண்டால் பின்னால் வரும் மனத்தாங்கல் பாதி குறையும். எரிவாயு வாடை என்றால் முதலில் வால்வை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மின் சுவிட்ச் எதையும் தொடாமல் வெளியே வந்து, அதன் பிறகே போன் செய்ய வேண்டும் என்பதையும் அன்றே சொல்லிவிட வேண்டும். தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று நேரில் காட்டுங்கள். நள்ளிரவில் குழாய் வெடித்தால், உரிமையாளர் வந்து சேருவதற்குள் வீட்டைக் காப்பாற்றப் போவது அந்த வால்வுதான்.

சொட்டும் குழாய் பொறுக்கும் என்றேன், ஆனால் அதிலும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு ஒரு சொட்டு விழும் குழாய் ஒரு நாளைக்குச் சுமார் இருபது லிட்டருக்கு மேல் வீணாக்கும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்த மாதிரி வேலைகளுக்காக ஒவ்வொரு முறையும் உரிமையாளரின் அனுமதிக்குக் காத்திருக்க வைக்காமல், ஒரு தொகையை வரம்பாகப் பேசிக்கொண்டு, "அதற்குள் ஆகும் வேலையை நீங்களே ஆள் வைத்துச் செய்யுங்கள், ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடலாம். நான் பார்த்தவரை இந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் குறைவு. தன்னை நம்புகிறார்கள் என்ற உணர்வு மனிதர்களைப் பொறுப்பாக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "எங்கள் வீட்டில் இருப்பவர் நல்ல மனிதர், ஒரு புகாரும் சொல்லமாட்டார்" என்று பெருமையாகச் சொல்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். முதல் இரண்டு முறை சொன்னபோது சலிப்பான குரலில் பதில் வந்திருந்தால், மூன்றாவது முறை அவர் சொல்லவே மாட்டார். தொட்டிக்கு அடியில் கசியும் குழாய்க்குக் கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு ஆண்டு கழித்து அங்கே மரப்பலகை உளுத்திருக்கும், சுவர் ஊறியிருக்கும். சின்ன வாஷர் வேலை பெரிய கொத்து வேலையாகிவிடும், அந்தச் செலவு உரிமையாளருடையது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை "ஏதாவது பார்க்க வேண்டியது இருக்கிறதா?" என்று நாமாகக் கேட்பது நமக்கே லாபம்.

சுவர் ஈரம்: அதிகம் சண்டை நடக்கும் இடம்

உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் நடுவில் தீராத வழக்காக நிற்பது சுவரில் ஓதமும் பூஞ்சையும்தான். "ஜன்னலைத் திறக்காமல் அடைத்து வைத்தால் இப்படித்தான்" என்பார் ஒருவர். "சுவரே சரியில்லை" என்பார் மற்றவர். இரண்டு பேரும் அவரவர் பக்கத்தில் உண்மையாகவே நம்பிப் பேசுவார்கள். வாக்குவாதம் செய்யாமல் கண்டுபிடிக்க வழி இருக்கிறது.

சுவரில் ஈரம் வருவதற்குப் பெரும்பாலும் நாலு காரணங்கள். மண்ணிலிருந்து ஈரம் சுவர் வழியாக மேலே ஏறலாம். அப்படியென்றால் தரைத்தளத்தில், சுவரின் அடிப்பகுதியிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை கறை இருக்கும், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வெளிச்சுவர் விரிசல், மாடித்தளம், ஜன்னல் விளிம்பு வழியாக மழைநீர் உள்ளே வரலாம். அது மழைக்குப் பிறகு பெரிதாகி, வெயிலில் சுருங்கும். சுவருக்குள் போகும் குழாய் கசியலாம். அதற்கு மழையும் வெயிலும் ஒன்றுதான், ஒரே இடத்தில் கறை நிற்கும். தண்ணீர் மீட்டர் இருக்கும் வீடாக இருந்தால் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள். அப்போதும் முள் நகர்ந்தால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம்.

நாலாவது காரணம் வீட்டுக்குள்ளேயே பிறப்பது. சமைக்கும்போதும் குளிக்கும்போதும் துணி உலர்த்தும்போதும், ஏன், மூச்சு விடும்போதும் கூட நீராவி காற்றில் கலக்கிறது. நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு நாளைக்குப் பல லிட்டர் தண்ணீர் இப்படிக் காற்றுக்குள் போகிறது. அந்தக் காற்று வெளியேற வழி இல்லாமல் குளிர்ந்த சுவரில் பட்டால், குளிர்பானப் புட்டியின் மேல் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்வது போலச் சுவரிலும் கோத்துக்கொள்ளும். அறையின் மூலைகள், பெரிய அலமாரிக்குப் பின்பக்கம், வெளிச்சுவரின் மேல்பகுதி ஆகியவற்றில் பூஞ்சை முதலில் வருவது இதனால்தான்.

எது என்று தெரியவில்லையா? ஒரு சாண் அகல அலுமினியத் தாளையோ பிளாஸ்டிக் தாளையோ, கறை இருக்கும் இடத்தைத் துடைத்து உலர்த்திவிட்டு, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் மேல்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. தாளுக்கு அடியில், சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. இரண்டு பேரும் சேர்ந்து நின்று இதைப் பார்ப்பது முக்கியம். யார் மேல் தப்பு என்ற பேச்சு அங்கேயே முடிந்து, என்ன செய்யலாம் என்ற பேச்சு தொடங்கும். தாள் காட்டுவது முதல் அறிகுறிதான். கட்டடத்தைத் தெரிந்த ஒருவர் பார்த்த பிறகு பெரிய செலவில் இறங்குவது நல்லது.

அறைக் காற்றிலிருந்து வருகிறது என்று தெரிந்தால்கூட, பழியைக் குடியிருப்பவர் மேல் போட்டுவிட்டு விலகக்கூடாது என்பது என் கருத்து. குளிக்காமலும் சமைக்காமலும் யாரும் வாழ முடியாது. குளியலறையிலும் சமையலறையிலும் காற்றை நேராகக் கட்டடத்துக்கு வெளியே தள்ளும் விசிறி இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று பார்ப்பது உரிமையாளர் வேலை. சில இடங்களில் விசிறியின் காற்று பொய்க்கூரைக்கு உள்ளேயே விடப்பட்டிருக்கும், அதனால் ஈரம் இடம்தான் மாறும். விசிறியைப் போடுவது, அலமாரியை வெளிச்சுவரிலிருந்து நாலு விரல்கடை தள்ளி வைப்பது, துணியை முடிந்தவரை வெளியே உலர்த்துவது குடியிருப்பவர் வேலை. வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை பரவுவது குறையும். அதை அளக்கும் சின்னக் கருவியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே சாட்சி.

செய்யவே கூடாதது, ஈரத்தின் மேல் பெயின்ட் அடிப்பது. சில வாரம் சுவர் அழகாக இருக்கும். அப்புறம் பெயின்ட் உப்பி உரிந்து, பழைய கறை அப்படியே வெளியே வரும். அதைப் பார்க்கும்போது குடியிருப்பவருக்குத் தான் ஏமாற்றப்பட்டதாகவே தோன்றும், அந்த நம்பிக்கையைத் திரும்பக் கொண்டுவருவது கடினம். குழாய் உடைந்து தரையோ சுவரோ நனைந்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முழுக்க உலர்த்த வேண்டும். அதற்குள் உலர்ந்தால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று தள்ள முடியாத வேலை இது.

சட்டங்களும் இந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கின்றன. ஜெர்மனியில் வீட்டில் பெரிய குறை இருக்கும் காலத்துக்கு அதற்கேற்ப வாடகை சட்டப்படியே குறைகிறது, குறை தீர்ந்ததும் பழைய நிலைக்கு வருகிறது. இங்கிலாந்தில் 2018-இல் இயற்றப்பட்டு 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த சட்டம், வாடகைக்கு விடும் வீடு மனிதர் வசிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் பகுதியாகவே ஆக்கிவிட்டது. ஈரம், காற்றோட்டம், வெளிச்சம், நீர் எல்லாம் அதில் பார்க்கப்படுகின்றன.

வாடகையை ஏற்றும்போது

வாடகை உயர்வைக் கேட்டதும் முகம் சுளிக்கத்தான் செய்வார்கள் என்று உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். எதற்காக ஏறுகிறது, எப்படிச் சொல்லப்படுகிறது என்பதைப் பொறுத்தது அது. இதை அழகாகக் காட்டிய ஓர் ஆய்வு இருக்கிறது. உளவியலாளர் டேனியல் கானெமன், பொருளியலாளர்கள் ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் தொலைபேசி வழியாக மக்களிடம் பல சூழல்களைச் சொல்லி, இது நியாயமா என்று கேட்டு, முடிவுகளை 1986-இல் வெளியிட்டார்கள். அதில் இரண்டு கேள்விகள் வாடகை பற்றியவை.

ஒன்றில், நிலையான வருமானத்தில் வாழும் ஒருவர் ஒரு சின்ன வீட்டில் குடியிருக்கிறார். வாடகை ஏறினால் அவர் வேறு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் உரிமையாளரின் செலவுகள் அந்த ஆண்டில் நிறைய உயர்ந்துவிட்டன, அதை ஈடுகட்ட ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது வாடகையைக் கூட்டுகிறார். இதைக் கேட்டவர்களில் 75 சதவீதம் பேர் ஏற்கத்தக்கது என்றார்கள். மற்றொன்றில், குடியிருப்பவருக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை கிடைத்துவிட்டது, இனி அவர் காலி செய்யமாட்டார் என்று உரிமையாளருக்குத் தெரியவருகிறது. அதனால் முதலில் நினைத்திருந்ததைவிட மாதம் 40 டாலர் கூடுதலாக ஏற்றுகிறார். இதை 91 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள்.

முதல் சூழலில் குடியிருப்பவர் வீட்டையே விட்டுப் போக வேண்டிவருகிறது, இரண்டாவதில் கொஞ்சம் பணம்தான் கூடுதலாகப் போகிறது. ஆனாலும் மக்கள் முதலாவதை ஏற்று, இரண்டாவதை வெறுத்தார்கள். தன் நெருக்கடியை ஒருவர் பயன்படுத்திக்கொண்டார் என்பது அவ்வளவு தூரம் உறுத்துகிறது. குழந்தைக்குப் பக்கத்தில் பள்ளி கிடைத்துவிட்டது, அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் இப்போது நகர முடியாது என்றெல்லாம் குடியிருப்பவர் மனம்விட்டுச் சொல்லியிருப்பார். அதன் பிறகு வரும் உயர்வு எவ்வளவு சின்னதாக இருந்தாலும், தான் சொன்னதன் பலன் இது என்றே அவருக்குத் தோன்றும். அதற்குமேல் அவர் எதையும் சொல்லமாட்டார்.

அதனால் உயர்வை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இருவருக்கும் நல்லது. ஆண்டுக்கு எத்தனை சதவீதம், எந்த மாதம் என்று முதல் நாளே தெரிந்தால் அவர் தன் வரவு செலவில் அதைச் சேர்த்துக்கொள்வார். எழுதப்படாத உயர்வு தேவைப்பட்டால் இரண்டு மூன்று மாதம் முன்னதாக, காரணத்தோடு சொல்லுங்கள். சொத்து வரி ஏறியிருந்தால் எவ்வளவு என்று காட்டலாம், மாடித்தளம் செப்பனிட்டிருந்தால் அதைச் சொல்லலாம். பல ஆண்டுகள் ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரேயடியாக ஏற்றுவதை நல்ல மனசோடு செய்பவர்கள் உண்டு. "இவ்வளவு நாள் விட்டுக்கொடுத்தேனே" என்று அவர்களுக்கு ஆதங்கம். இருப்பவருக்கோ ஒரு மாதத்தில் குடும்பக் கணக்கே தலைகீழாகிறது. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏறுவதை மனிதர்கள் எளிதாகத் தாங்கிக்கொள்கிறார்கள்.

கதவைத் தட்டுவது

வாடகைக்கு விட்ட பிறகு அந்த வீடு, சொத்தாக உரிமையாளருடையது, வீடாகக் குடியிருப்பவருடையது. இதை மனசார ஏற்றுக்கொள்வது சிலருக்கு, குறிப்பாகத் தாங்களே வாழ்ந்த வீட்டை வாடகைக்கு விட்டவர்களுக்கு, கடினமாகவே இருக்கிறது. அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து நிற்பதும், தன்னிடம் உள்ள சாவியால் திறந்து பார்ப்பதும் வேறு எதையும்விட வேகமாக உறவைக் கெடுக்கும். இந்தியாவின் 2021 மாதிரி வாடகைச் சட்டமும், இங்கிலாந்தின் சட்டமும், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலச் சட்டமும் உரிமையாளர் பார்வையிட வருவதற்கு 24 மணி நேர முன்னறிவிப்பைப் பொதுவான அளவாக வைத்திருக்கின்றன. தீ, வெள்ளம் போன்ற அவசரம் வேறு விஷயம். வீட்டை விற்பதற்காக ஆட்களைக் கூட்டிவந்து காட்டும்போது இதை இன்னும் கவனமாகச் செய்ய வேண்டும். குடியிருப்பவருக்குத் தன் காலடித் தரையே நகர்வது போன்ற நேரம் அது.

வீட்டுக்கு யார் வந்தார்கள், எத்தனை பேர் விருந்துக்கு வந்தார்கள், விளக்கு எத்தனை மணி வரை எரிந்தது என்று விசாரிக்காமல் இருப்பதும் இதில் சேர்ந்ததுதான். அதே கட்டடத்தில் மேல்தளத்தில் உரிமையாளர் இருந்தால் இதை ஒரு பழக்கமாகவே வளர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு குடியிருப்பவரின் சத்தம் இன்னொருவரைத் தூங்க விடாமல் செய்தால் தலையிட வேண்டியவர் உரிமையாளர்தான். "நீங்களே பேசிக்கொள்ளுங்கள்" என்று விட்டால் இரண்டு பேரில் அமைதியானவர் காலி செய்துவிடுவார்.

பாதுகாப்பு விஷயங்களில் குடியிருப்பவர் கேட்கும்வரை காத்திருக்கக்கூடாது. அவருக்கு அவை கண்ணில் படாது. ஆள் மாறும்போது வாசல் பூட்டில் சாவி நுழையும் உருளையை மாற்றிவிடுங்கள், பழைய சாவிகளுக்கு எத்தனை நகல் வெளியே இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் 30 மில்லிஆம்பியருக்குள் துண்டிப்பதாக இருக்க வேண்டும், அதிலுள்ள சோதனைப் பொத்தானை எப்படி அழுத்திப் பார்ப்பது என்று காட்டிக்கொடுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்வது போலத் தெரிந்தாலும் பத்து ஆண்டில் அதை மாற்ற வேண்டும். எரிவாயுவில் ஓடும் வெந்நீர்க் கருவியை அடைத்த குளியலறைக்குள் வைக்கவே கூடாது. காற்றுப் போதாமல் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை.

முன்பணம்

ஆண்டுக்கணக்கில் நன்றாக இருந்த உறவு கடைசி வாரத்தில் முறிவது இங்கேதான். முன்னால் சொன்ன கானெமனும் இன்னொரு உளவியலாளரான ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-இல் விளக்கியது போல, ஒரு தொகையை இழக்கும் வலி, அதே தொகையைப் பெறும் மகிழ்ச்சியைவிடப் பெரியது. குடியிருப்பவர் முன்பணத்தை எப்போதும் தன் பணமாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார். புது வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்பணமும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வர வேண்டும். உரிமையாளரோ அதைச் செலவழித்துவிட்டு, அடுத்து வருபவரிடம் வாங்கிக் கொடுக்கலாம் என்றிருப்பார். பிரச்சினையின் வேர் இது.

ஜெர்மனியில் முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. உரிமையாளர் தன் பணத்தோடு கலக்காமல் தனியாக வைக்க வேண்டும், வரும் வட்டி குடியிருப்பவருக்கு. இங்கிலாந்தில் 2007 ஏப்ரல் முதல் அங்கீகரிக்கப்பட்ட திட்டம் ஒன்றின் பாதுகாப்பில் வைப்பது கட்டாயம். இந்தியாவின் மாதிரிச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாகச் சொல்கிறது, அதை மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்க வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும், முன்பணத்தைத் தனிக் கணக்கில் தொடாமல் வைத்திருப்பது ஒன்றே இந்தச் சண்டையில் பெரும்பகுதியை இல்லாமல் செய்துவிடும்.

மிச்சம் இருப்பது பிடித்தம் பற்றிய தகராறு. அதற்கு முதல் நாளே மருந்து இருக்கிறது. குடிவரும் அன்று அறை அறையாக இருவரும் நடந்து, ஏற்கெனவே இருக்கும் கீறல், கறை, உடைந்த தாழ்ப்பாள் எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து, மீட்டர் அளவுகளைக் குறித்து, இரண்டு பேரிடமும் ஒரே தொகுப்பு இருக்கும்படி அனுப்பிவிடுங்கள். இருக்கும் குறைகளை நாமே எடுத்துக் காட்டுவதும் அன்றைக்குத்தான். காலை நேரத்தில் மேல்தளத்துக்குத் தண்ணீர் வேகம் குறைவு என்றால் அதை முன்னாலேயே சொல்லுங்கள். தெரிந்து வருபவர் அதற்கேற்பப் பழகிக்கொள்வார். குடிவந்த பிறகு கண்டுபிடிப்பவருக்கு, இன்னும் எதையெல்லாம் மறைத்தார்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

சாதாரணமாகப் புழங்கியதால் வரும் தேய்மானத்துக்குப் பிடித்தம் செய்யக்கூடாது. வெளிறிய பெயின்ட், நடந்து நடந்து மங்கிய தரை, கதவுப் பிடியில் தேய்ந்த முலாம் ஆகியவை வாடகையிலேயே அடங்கியவை. உண்மையான சேதம் என்றாலும் புதுப்பொருளின் முழு விலையைக் கேட்பது நியாயமில்லை. ஐந்து ஆண்டு தாங்கக்கூடிய பெயின்ட் அடித்து நாலு ஆண்டு ஆகிவிட்டது, அதன் மேல் போகாத கறை படிந்துவிட்டது என்றால், மிச்சம் இருந்த ஆயுள் ஐந்தில் ஒரு பங்குதான். கேட்கக்கூடிய தொகையும் செலவில் ஐந்தில் ஒரு பங்குதான். இப்படி ஒரு கணக்கை எழுதி, ரசீதோடு கொடுத்தால் பெரும்பாலானவர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொள்வார்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொன்னால்தான் பேரம் தொடங்கும், பேரம் கசப்பில் முடியும்.

நான் ஒரு வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்துக்காக ஐந்து மாதம் அலைந்தேன். ஒவ்வொரு முறையும் "அடுத்த வாரம்" என்ற பதில். கடைசியில் பணம் முழுசாக வந்துவிட்டது, ஒரு பைசா பிடித்தம் இல்லை. ஆனாலும் அந்த வீட்டில் இருந்த நல்ல ஆண்டுகளைப் பற்றி நினைத்தால் இன்றும் அந்த ஐந்து மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. என் வீட்டை வாடகைக்கு விட்டபோது நான் முதலில் எழுதிய நிபந்தனை எனக்கானது: சாவி கைக்கு வந்த ஏழு நாளுக்குள், கணக்கோடு, பணம் போய்விட வேண்டும். பிடித்தம் பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தால், அந்தச் சிறு தொகையை மட்டும் நிறுத்தி வைத்துக்கொண்டு மிச்சத்தை அன்றே அனுப்பிவிடுவேன். அவர்கள் போன பிறகும் சில வாரங்களுக்குப் பழைய முகவரிக்குக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கும். அவற்றை ஒரு உறையில் போட்டு வைத்து, வாரக்கடைசியில் படமெடுத்து அனுப்புகிறேன்.